டப்ளினில் 14 முகங்கள் தேடிய கதை

பயணத்தில் பிள்ளைகளோடு ஆடிய புதையல் வேட்டை பற்றி எல்லோரும் எழுதுகிறீர்களே, என் பங்குக்கு ஒன்று.

போன ஜூனில் அயர்லாந்தின் தலைநகர் டப்ளின் போயிருந்தோம். லிஃபி ஆற்றின் வடகரையில் கஸ்டம் ஹவுஸ் என்று பழைய சுங்க மாளிகை. 1791-இல் கட்டி முடித்தது, ஜேம்ஸ் காண்டன் வடிவமைத்தது. அதன் வளைவுகளின் உச்சிக்கல்லில் எட்வர்ட் ஸ்மித் செதுக்கிய 14 முகங்கள் உண்டு. ஒன்று அட்லாண்டிக் கடல், மீதி 13-உம் அயர்லாந்து ஆறுகள்.

எட்டு வயது மகளுக்கு ஒரு தாளில் 14 கட்டம் போட்டுக் கொடுத்தேன். முகம் கண்டால் ஒரு டிக், எல்லாம் முடிந்தால் ஐஸ்கிரீம். முதல் இரண்டு சுலபம். அப்புறம் எங்கே பார்த்தாலும் தாடி! தண்ணீரில் நனைந்து சுருண்ட கல்தாடி. ஒரே முகத்துக்கு இரண்டு டிக் போட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து சுற்றினோம்.

பாரோ, நோர், சுயர் ஆறுகளை அங்கே ‘மூன்று சகோதரிகள்’ என்பார்கள் என்று என் மனைவி போனைப் பார்த்துச் சொன்னாள். கல்லில் மூவரும் ஆண்கள். “அக்கா தங்கச்சிக்கு எப்படிப்பா தாடி?” என்றாள் மகள். காவிரித்தாய் என்றே கேட்டு வளர்ந்த பிள்ளை, வேறென்ன கேட்பாள்! 13 ஆறுகளில் லிஃபி மட்டும்தான் அங்கே பெண்.

அவளைத்தான் கடைசியில் கண்டுபிடித்தோம். ஆற்றைப் பார்த்த நடுவாசலுக்கு மேலே இருக்கிறாள். நான் கட்டம் போட்டுக்கொண்டு நின்றதே அந்த வாசலுக்கு எதிரில்தான்.

முழுக் கட்டடமும் தெரிய எதிர்க்கரைக்குப் போங்கள். மேற்கிலிருந்து வந்தால் ரயில் பாலம் மறைக்கும்.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். எனக்கு இது தலைகீழாக நடந்தது. டப்ளினில் படித்தபோது ஒரு பழைய நாணயக் கடையில் ஐரிஷ் நோட்டு ஒன்று பார்த்தேன், 1928-இல் வெளிவரத் தொடங்கிய வரிசை. பின்பக்கம் தாடிக்காரர் முகம். ஏதோ ராஜா என்று நினைத்தேன். “அது ஒரு நதி, கஸ்டம் ஹவுஸில் இருக்கும் முகம்” என்றார் கடைக்காரர். வாங்கக் காசில்லை, போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அதே தாடியைத் தேடி மாளிகையைச் சுற்றினேன். 1921 தீயில் எரிந்து மறுபடி கட்டிய குவிமாடம் மட்டும் கறுத்த கல்லாக இருப்பதைக் கவனித்தீர்களா? அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலி. ஐந்தாவது முகத்தில் மழை பிடித்துக்கொண்டது.