ஸ்பெஷலிஸ்ட் டர்பனில், காய்ச்சல் மாரிட்ஸ்பர்க்கில்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் ஆல்பர்ட் லுத்துலி ஆஸ்பத்திரியில் வலிப்புக்கோ சிறுநீரகத்துக்கோ பார்க்கும் பிள்ளைக்கு அடுத்த தேதி மாதக்கணக்கில் தள்ளித்தான் கிடைக்கும். நடுவில் வரும் சளி, வாந்திக்கெல்லாம் மாரிட்ஸ்பர்க் கிளினிக்தான். பெரிய டாக்டர் என்ன எழுதினார் என்பது அங்கிருக்கும் சிஸ்டருக்கு எப்படித் தெரியும்? அவர் கொடுத்த கடிதம் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும்! நகலை, பிள்ளையின் எடையும் தடுப்பூசியும் குறிக்கும் 'ரோடு டு ஹெல்த்' புத்தகத்துக்குள் வையுங்கள். மருந்தின் பெயர், மில்லிகிராம், மில்லி, கடைசியாக எடை பார்த்த தேதி, நான்கும் வேண்டும். 12 கிலோவில் போட்ட வலிப்பு மருந்து 16 கிலோ ஆன பிள்ளைக்குப் பத்தாமல் போகலாம். வலிப்பு திரும்பினால் முதலில் எடை பாருங்கள்.

—

அக்கா, மில்லி மட்டும் எழுதுவதுதான் பெரிய வினை. பாரசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கத்திய பனாடோ சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம். சென்னையிலிருந்து பாட்டி கொண்டுவரும் பாட்டிலில் பல சமயம் 5 மில்லிக்கு 250. கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் 16 கிலோ பிள்ளைக்கு 240 வேண்டும். பனாடோ என்றால் 10 மில்லி, ஊர் சிரப் என்றால் 5 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. கைப்பழக்கத்தில் அதிலும் 10 ஊற்றினால் இரண்டு மடங்கு உள்ளே போய்விடும். ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல் கூடாது. கரண்டியை நம்பாதீர்கள், சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். சிறுநீரகக் கோளாறுள்ள பிள்ளைக்கு, அதுவும் வாந்தி பேதி இருக்கும்போது, இபுப்ரோஃபென் என்ற காய்ச்சல், வலி மருந்தின் பக்கமே போகக் கூடாது.

—

வலிப்புக்குக் கார்பமசெபைன் எடுக்கும் பிள்ளைக்குத் தொண்டைப் புண் என்று எரித்ரோமைசினோ கிளாரித்ரோமைசினோ (இரண்டும் ஆன்டிபயாடிக்) எழுதினால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். அவை கார்பமசெபைனைக் கல்லீரல் கழிக்கவிடாமல் தடுக்கும். இரத்தத்தில் அளவு ஏறி, பிள்ளை தள்ளாடும், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், தூங்கித் தூங்கி விழும். வீட்டில் அதைக் காய்ச்சல் அசதி என்று விட்டுவிடுவார்கள். அமாக்ஸிசிலின் இப்படி இடிக்காது.

—

நெஃப்ராட்டிக் (சிறுநீரில் புரதம் கசிந்து உடம்பு வீங்கும் சிறுநீரக நோய்) பிள்ளைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து நாளுக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம், அல்லது மொத்தம் நாளுக்கு 20 மில்லிகிராம், 14 நாளோ அதற்கு மேலோ போயிருந்தால் தட்டம்மை ஊசி முகாமில் வரிசையில் நிறுத்தாதீர்கள். அது உயிருள்ள கிருமி ஊசி. மருந்தை நிறுத்தி ஒரு மாதமாவது போக வேண்டும். ஊசிக்காக மருந்தைத் திடீரென்று நீங்களே நிறுத்துவது அதைவிட ஆபத்து. சின்னம்மை கண்ட பிள்ளையோடு விளையாடியிருந்தால் அன்றைக்கே ஸ்பெஷலிஸ்ட் வார்டுக்குப் போன் போடுங்கள். காய்ச்சலோடு வயிற்று வலியும் வந்தால் கிளினிக் வரிசையில் உட்காராதீர்கள். இந்த நோயில் வயிற்றுக்குள் தேங்கும் நீரில் கிருமி ஏறியிருக்கலாம், நேரே ஆஸ்பத்திரிதான்.