எம்.எஸ்ஸி. வேதியியலுக்குப் பின்: ஆய்வகமா, முலாம் தொழிற்சாலையா?

தேவகோட்டை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் எம்.எஸ்ஸி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். இருசக்கர வாகன உதிரிபாகங்களுக்கு முலாம் பூசும் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பயிற்சியாளராகச் சேர அழைப்பு வந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் மின்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் போகலாமா என்ற எண்ணமும் இருக்கிறது. செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) வளாகத்தைத் தாண்டித்தான் நாள்தோறும் கல்லூரிக்குப் போய்வருகிறேன் என்பதால் அந்த ஆசை வந்ததோ என்னவோ. வீட்டில் இரண்டுமே வேண்டாம், பி.எட். முடித்துவிட்டு ஊரோடு இரு என்கிறார்கள். அப்பத்தாவுக்கு ஓசூர் என்பதே அயல்நாடு.

வருமானத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. 2023இல் உயர்த்தப்பட்ட ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுக்குப் பின் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆனால் 42,000 என்பதையெல்லாம் விசாரித்துவிட்டேன். இந்த வேலைகள் ஒருவரிடம் என்ன திறனை எதிர்பார்க்கின்றன, அது என்னிடம் இருக்கிறதா என்பதைச் சேருவதற்கு முன்பே எப்படி அறிவது என்பதுதான் என் கேள்வி. மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் செய்முறை வகுப்பில் வர வேண்டிய விடை எல்லோருக்கும் முன்பே தெரியும். பியூரெட் அளவு அதற்கு ஒத்துவரவில்லை என்றால் ஒத்துவரும்படி எழுதிவிடுவோம். அப்படிப் பழகிய கை வெளியே எதற்கு உதவும் என்று பயமாக இருக்கிறது.

கல்லூரிச் சாலை ஆய்வு மாணவன்:

தங்கைக்கு வணக்கம். நெட் தேர்வுக்கு வேண்டிய திறனும் ஆய்வுக்கு வேண்டிய திறனும் வேறு வேறு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று மணி நேரத்தில் 200 மதிப்பெண்ணுக்கு எழுதும், தவறான விடைக்கு மதிப்பெண் கழியும் அந்தத் தேர்வில், எந்த வினாவைத் தொடாமல் விடுவது என்று சட்டென முடிவெடுப்பவர்கள் தேறிவிடுகிறார்கள். ஆய்வகத்தில் அந்த அவசரம் பெரும்பாலும் இடைஞ்சலாகத்தான் இருக்கும்.

மின்வேதியியலில் புதிதாகச் சேருபவரிடம் பெரும்பாலும் முதலில் கொடுப்பது கிளாசி கார்பன் (கண்ணாடிபோல் வழவழப்பான கரி) மின்முனையைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் வேலை. மூன்று மில்லிமீட்டர் விட்டமே உள்ள அந்த வட்டப் பரப்பை 1, 0.3, 0.05 மைக்ரான் அலுமினாத் தூளில் ஒன்றன்பின் ஒன்றாக, ஈரத் துணியின்மேல் 8 என்ற எண்ணை எழுதுவதுபோல் தேய்க்க வேண்டும். பிறகு பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைசலில் வோல்டாமெட்ரி, அதாவது மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் வரைபடம், எடுத்துப் பார்க்க வேண்டும். கோட்பாட்டின்படி இரு முகடுகளுக்கும் இடையே ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் இருக்க வேண்டும். 70, 80 வந்தாலும் ஏற்றுக்கொள்வோம்; 120 வந்தால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான். தேய்த்தும் மாறவில்லை என்றால் ஒப்பீட்டு மின்முனையில் கோளாறா, கரைசலில் உப்பு போதவில்லையா, இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பொறுமை வேண்டும். நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றிச் சரிசெய்பவரும் உண்டு. எது சரிசெய்தது என்று அவரால் கடைசிவரை சொல்ல முடியாது.

இதோடு ஆங்கிலத்தில் நேராக எழுதும் பழக்கமும் வேண்டும். தமிழ்வழியில் படித்தோம் என்று இதற்காகத் தயங்க வேண்டாம். ஒரு பத்தியைப் பத்து முறை திருத்தி எழுதச் சலிக்காதவர்களுக்கு அது வந்துவிடும். தொழிற்சாலையில் 'ஏன்' என்று கேட்க நேரமே தரமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தக் கேள்வி உங்களுக்கு முக்கியம் என்றால் ஆய்வுப் பக்கமே வாருங்கள்.

ஓசூரில் ஒரு காரைக்குடிக்காரன்:

தம்பி எழுதியதில் கடைசி இரண்டு வரிகளை என்னால் ஏற்க முடியவில்லை. 'ஏன்' என்று நாங்களும் கேட்கிறோம். விடை வரும்வரை தொட்டி நிற்காது, அதுதான் வேறுபாடு.

ஒரு நாள் வேலை எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். துத்தநாக முலாம் தொட்டியிலிருந்து வரும் பொருள்களில் ஓரம் கருகியும் உட்பள்ளம் மங்கியும் இருப்பதாகக் காலை ஷிப்டில் தகவல் வரும். தரக்கட்டுப்பாட்டுக்காரர் தொட்டிக் கரைசலில் 267 மில்லிலிட்டர் எடுத்து ஹல் செல்லில் ஊற்றுவார். அந்தச் சிறு தொட்டியில் தகடு சாய்வாக நிற்பதால் ஒரு முனையில் மின்னோட்ட அடர்த்தி மிகுந்தும் மறுமுனையில் குறைந்தும் இருக்கும். சில நிமிடங்களில் தகட்டை எடுத்துக் கழுவிப் பார்த்தால் எங்கே கருகல், எங்கே பளபளப்பு, எங்கே முலாமே ஏறவில்லை என்பது இடமிருந்து வலமாகத் தெரியும். பளபளப்பூட்டி கூடிவிட்டதா, கரைசலில் உலோகம் குறைந்துவிட்டதா, எண்ணெய்ப் பிசுக்கு கலந்துவிட்டதா என்று அதைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். தகட்டை வாசிக்கக் கண் பழக வேண்டும். அதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

இதைவிடக் கடினமானது, தீர்மானித்ததைத் தொட்டியருகே நிற்பவரிடம் சொல்லிச் செய்யவைப்பது. இருபது ஆண்டுகளாக அதே தொட்டியைப் பார்த்தவரிடம் நேற்று வந்த பெண் போய் அமிலக் கழுவலில் ஊறும் நேரத்தைக் குறையுங்கள் என்றால் முதலில் சிரிப்பார். அவருக்குத் தெரிந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகு நம்முடையதைச் சொல்லத் தெரிய வேண்டும். வலிமை மிகுந்த எஃகுத் திருகாணிகளில் முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்துவிடும். சில மணி நேரத்துக்குள் சுமார் 200 பாகை செல்சியசில் அடுப்பில் வைத்து அதை வெளியேற்றாவிட்டால் பின்னால் பாரம் ஏறும்போது திருகாணி திடீரென முறியும். லாரி வாசலில் காத்திருக்கிறது, அடுப்பை விட்டுவிடலாம் என்று மேலிருந்து சொல்லும்போது, முடியாது என்று சொல்வதும் இந்த வேலைக்குரிய திறன்தான்.

தங்கச்சி, பியூரெட் அளவைத் திருத்தி எழுதும் பழக்கத்தை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம். உப்புத் தெளிப்புப் பெட்டியில் 35 பாகையில், 5 விழுக்காடு உப்புக் கரைசலின் பனியில் கிடக்கும் பொருளில் வெண்துரு (துத்தநாகம் அரிப்பது) எப்போது வந்தது, செந்துரு (அடியிலுள்ள இரும்பு துருப்பிடிப்பது) எப்போது வந்தது என்று கண்டதை எழுத வேண்டும். பொய்யாக எழுதினால் வாடிக்கையாளர் கையில் அந்தப் பொருளே உண்மையைச் சொல்லிவிடும்.

கானாடுகாத்தான், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

மகளுக்கு ஆசிகள். மேலே இருவரும் தத்தம் தொழிலைப் பேசினாலும் ஒரே இடத்தைத்தான் தொட்டிருக்கிறார்கள். கண்டதைக் கண்டபடி அன்றன்றைக்கே எழுதிவைக்கும் பழக்கத்தை இரண்டு வேலையும் கேட்கின்றன. இது நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. நகரத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் (கடல்கடந்து தொழில் செய்யப்) போன காலத்தில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் கணக்கெழுதிப் பழகி, அடுத்தாளாகித் தேறிய பிறகே மேலாளாக முடிந்தது. ஐந்தொகை (வரவுசெலவு இருப்புக் கணக்கு) ஒட்டவில்லை என்றால் ஒட்டவைத்து எழுதுவதை எந்த முதலாளியும் பொறுக்கமாட்டார். எங்கே பிசகியது என்று தேட வேண்டும். உன் செய்முறைக் குறிப்பேட்டில் இந்தப் பருவத்திலிருந்தே அதைத் தொடங்கிவிடலாம், அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

செக்ரியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. முலாம் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் என்பதற்காக இங்கே வந்ததன்று. ஆகவே காரைக்குடியில் ஆய்வு முடித்தாலும் அதற்குப் பிந்திய வேலைக்கு நீ வெளியூர் போகவே பெரிதும் நேரும். ஊரோடு இருக்கலாம் என்ற எண்ணத்தில் ஆய்வைத் தேர்ந்தெடுப்பதானால் அந்தக் கணக்கு சரிவராது.

பி.எட். என்றால் ஒதுங்கும் இடம் என்று உன் வீட்டார் நினைக்கிறார்கள் போலும். முதுகலை ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு இருக்கிறது. அதைத் தாண்டி வகுப்புக்குள் போனால், மோல் என்பது விளங்காத பிள்ளைக்கு நான்காவது முறையும் புதிதாக விளக்கத் தெரிய வேண்டும். அந்த ஆசை இல்லாதவர்கள் அங்கே போவது பிள்ளைகளுக்கு நல்லதன்று.

தேவகோட்டை மாணவி:

மூவருக்கும் நன்றி. பி.எட். எனக்கு இல்லை என்பது மட்டும் தெளிவாகிவிட்டது. அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது என்பது தனிக்கதை. கடைசிப் பருவத்துக்கான ஆய்வுத்திட்டத்தை இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை. ஹல் செல்லை வைத்தே ஒன்று செய்தால் இரண்டு பக்கமும் தெரியும் என்று தோன்றுகிறது. எங்கள் கல்லூரியில் அந்தக் கருவி இல்லை. அண்ணன்மார் யோசனை சொல்ல வேண்டும்.

ஓசூரில் ஒரு காரைக்குடிக்காரன்:

கருவி பெரிய விலை இல்லை, துறையில் கேட்டுப் பாருங்கள். அக்ரிலிக் தகட்டில் அளவெடுத்து ஒட்டிச் செய்துகொள்பவர்களும் உண்டு. சயனைடு கலந்த எந்தக் கரைசலையும் தொட வேண்டாம். அமிலச் செம்புக் கரைசலோடு தொடங்குங்கள்: லிட்டருக்கு 200 கிராம் காப்பர் சல்பேட், 50 கிராம் அளவுக்குக் கந்தக அமிலம். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும் என்பதை வேதியியல்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகடு பித்தளையாக இருக்கட்டும். இரும்புத் தகட்டை வைத்தால் மின்சாரம் இல்லாமலே செம்பு படிந்து உரிந்துவிடும். 2 ஆம்பியரில், ஜெலட்டின் சிறிது சேர்த்தும் சேர்க்காமலும் வரிசையாகத் தகடுகள் எடுங்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் தேதியும் கரைசல் விவரமும் எழுதி, நன்றாக வராதவற்றையும் எறியாமல் வைத்திருங்கள். ஓசூருக்கு நேர்காணலுக்கு வரும்போது அவற்றைக் கொண்டுவாருங்கள். ஆய்வுக்கே போவதென்று முடிவானால் தம்பியிடம் காட்டுங்கள்; அவரும் அதைத்தான் கேட்பார்.