கூட்டிலிருந்து வந்த பட்டுப்பூச்சிகள் எதையும் தொடவில்லை. என்ன கொடுக்கலாம்?

மலர், உடுமலை:
வணக்கம். பக்கத்துத் தோட்டத்து அண்ணன், என் மகனின் பள்ளிக்காகக் கொஞ்சம் வெள்ளைக் கூடுகள் கொடுத்தார். இன்று விடியற்காலையில் பூச்சிகள் வெளியே வந்துவிட்டன. சில இறக்கையைப் படபடவென்று அடிக்கின்றன, ஆனால் பறக்கவில்லை. தேன் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து வைத்தேன், தொடவே இல்லை. செம்பழுப்பு நிறத்தில் ஏதோ திரவம் வேறு சிந்தியிருக்கிறது, ரத்தமா? இரண்டு பூச்சிகள் வாலோடு வால் ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. மகன் பயந்துவிட்டான். யாராவது சொல்லுங்கள்.

கதிர், தர்மபுரி:
பயப்படாதீர்கள் அக்கா, அது ரத்தம் இல்லை. கூட்டுக்குள் இருந்த காலத்தில் உடம்பில் சேர்ந்த கழிவு. பஞ்சை எடுத்துவிடுங்கள், ஈரத்தில் இறக்கை ஒட்டிக்கொள்ளும்.

ஓசூர் வித்தகத்துக்காரன்:
நான் முட்டை வித்தகத்தில், அதாவது விவசாயிகளுக்குப் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் இடத்தில், பல வருஷம் பூச்சி பிரித்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன் அம்மா.

இந்தப் பூச்சிக்குத் தின்னும் வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்ற இலைதான் கடைசிவரை ஓட்டும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் இருக்கும். ஆயிரக்கணக்கான வருஷம் மனிதன் கையிலேயே வளர்ந்ததால் பறக்கும் திறனும் போய்விட்டது.

படபடப்பவை ஆண்கள். வயிறு ஒல்லியாக இருக்கும். பெண் கொழுத்த வயிற்றோடு ஒரே இடத்தில் உட்கார்ந்து, வால் நுனியில் மஞ்சளாக ஒரு சுரப்பியை வெளியே தள்ளும். அந்த வாசனையைத் தன் உணர்கொம்புப் பக்கம் இழுக்கத்தான் ஆண் இறக்கையால் காற்றடிக்கிறது. மனிதன் பிரித்தெடுத்து அடையாளம் கண்ட முதல் பூச்சிக் கவர்ச்சிப்பொருள் இதுதான். ஜெர்மனியின் பூட்டெனான்ட் குழு சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளை வைத்து 1959இல் கண்டுபிடித்தது.

ஒட்டியிருப்பதை இழுக்காதீர்கள், முட்டைக்குழாய் சேதமாகும். மூன்று நான்கு மணி நேரம் விட்டுவிட்டு, ஆணை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் திருகினால் தானாக விடும். பெண்ணை வெள்ளைத் தாளில் வைத்து, ஓட்டை போட்ட ஒரு கப்பால் மூடி, இருட்டான இடத்தில் விடுங்கள். இரவுக்குள் 300 முதல் 500 முட்டை இட்டுவிடும்.

மலர், உடுமலை:
ரொம்ப நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே செய்தேன், தாள் முழுக்க முட்டை! முதலில் வெளிர்மஞ்சளாக இருந்தவை இப்போது சாம்பல் நிறமாகிவிட்டன. கெட்டுப்போய்விட்டதா? எப்போது பொரியும்?

ஓசூர் வித்தகத்துக்காரன்:
கெடவில்லை. சாம்பலானவைதான் கருவுள்ள முட்டை, மஞ்சளாகவே நிற்பவை கரு கூடாதவை. ஆனால் வெண்பட்டு ரகத்தின் முட்டை உடனே பொரியாது. குளிர்காலம் ஒன்றைக் கடந்தால்தான் உறக்கம் கலையும். வித்தகத்தில் முட்டையிட்ட ஒரு நாளுக்குள் அமிலத்தில் நனைத்து அந்த உறக்கத்தைத் தடுப்போம். நிறம் மாறிய பிறகு அது பலிக்காது, வீட்டில் அமிலத்தைத் தொடவும் கூடாது.

ஓரிரு வாரம் வெளியே இருக்கட்டும். அப்புறம் தாளை உறையில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். மூன்று மாதம் போல் கழித்து எடுத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் பொரியும். பொரிவதற்கு முன் முட்டைக்குள் கறுப்புப் புள்ளியாகத் தலை தெரியும். அப்போது கறுப்புத் துணியால் மூடி வைத்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ காலையில் வெளிச்சம் காட்டுங்கள், எல்லாம் ஒன்றாக வெளிவரும்.

ஒரு கண்டிப்பு: இந்தப் புழுக்களைத் தோட்டத்து அண்ணனின் புழு வளர்ப்பு மனைக்குக் கொடுக்காதீர்கள். வித்தகத்தில் முட்டையிட்ட தாயை நசுக்கி, நுண்ணோக்கியில் பெப்ரின் நோய் வித்து இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முட்டையை வெளியே விடுவோம். தாய்வழியாக முட்டைக்கே போகும் நோய் அது. 1860களில் பிரான்ஸ் பட்டுத்தொழிலே அதில் படுத்தது. தாயைச் சோதிக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தவர் லூயி பாஸ்டர். உங்கள் முட்டை சோதிக்காதது.

கதிர், தர்மபுரி:
நானும் ஒன்று சேர்க்கிறேன். எல்லாவற்றையும் பொரிக்க விடாதீர்கள் அக்கா. ஒரு புழுவுக்கு மொத்தம் 20–25 கிராம் மல்பெரி இலை வேண்டும், அதில் பெரும்பங்கு கடைசி ஒரு வாரத்தில். தாளில் ஒரு ஓரத்தை மட்டும் கத்தரித்து எடுத்தால் பையனுக்குப் போதும். அந்த அறையில் கொசுவர்த்தியோ கொசு லிக்விடோ வேண்டவே வேண்டாம், புழு தாங்காது. மருந்தடித்த செடி இலையும் அப்படித்தான்.