டார்ஜிலிங் பொம்மை ரயில்: போய்வந்தவர்கள் சொல்லுங்க

ஊட்டி ரயிலைப் பார்த்து வளர்ந்தவன் நான். டார்ஜிலிங் ஸ்டேஷனில் இறங்கியதும் தண்டவாளத்துக்கு நடுவே, வண்டியின் பற்சக்கரம் கவ்விக்கொள்ளும் பற்சட்டம் இருக்கிறதா என்றுதான் முதலில் குனிந்து பார்த்தேன். இல்லை. குன்னூர் ஏற்றத்தில் பல்லைக் கவ்விக்கொண்டு ஏறுகிற வண்டிக்குப் பழகிய கண்ணுக்கு, இரண்டடி அகலத்தில் கிடக்கிற இந்த வெறும் தண்டவாளம் நம்பும்படியாகவே இல்லை.

இது எப்படி ஏறுகிறது என்பதை கூம் ஸ்டேஷன் வரை போய்வரும் ஜாய்ரைடில் பார்த்தேன். கரி இஞ்சினின் முன்பலகையில் இரண்டு பேர் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வளைவில் சக்கரம் வழுக்கிச் சுழலும்போது, ஆளுக்கொரு தண்டவாளமாகக் கையாலேயே மணலைத் தூவினார்கள். இஞ்சினின் முதுகில், கரிக்குவியல் மேல் இன்னொருவர். பெரிய கட்டிகளைச் சுத்தியலால் உடைத்து உடைத்து ஃபயர்மேன் பக்கம் தள்ளிக்கொண்டே வந்தார். பற்சக்கரம் செய்கிற வேலையை இங்கே ஆட்களின் கை செய்கிறது. இந்த பி கிளாஸ் இஞ்சின்களின் முதல் தொகுதி 1889-இல் கிளாஸ்கோவில் ஷார்ப் ஸ்டீவர்ட் கம்பெனி கட்டியது. அதே வடிவம்தான் இன்றைக்கும் ஓடுகிறது.

இந்தப் பாதை பிறந்த கதையும் கொஞ்சம் சிக்கனமான கதைதான். கல்கத்தாவிலிருந்து சிலிகுரி வரை ரயில் வந்தபிறகும், அங்கிருந்து மலைக்கு மாட்டு வண்டியும் டோங்கா என்கிற குதிரை வண்டியும்தான். அரிசி மேலே போய்ச் சேருவதற்குள் விலை எங்கேயோ போய்விடும். ஈஸ்டர்ன் பெங்கால் ரயில்வேயின் ஏஜென்ட் ஃபிராங்க்ளின் பிரெஸ்டேஜ், ஏற்கெனவே இருந்த ஹில் கார்ட் ரோடு என்கிற வண்டிப்பாதையின் ஓரத்திலேயே தண்டவாளம் போட்டுவிடலாம் என்று 1878-இல் யோசனை சொன்னார். 1879-இல் வேலை ஆரம்பம், 1880-இல் வழியிலுள்ள கர்சியாங் வரை, 1881 ஜூலையில் டார்ஜிலிங் வரை. புதுப்பாதை வெட்டுகிற செலவு மிச்சம். ஆனால் மாடு ஏறுகிற சரிவில் எல்லாம் இஞ்சின் ஏறுமா? பாதை தன்னையே சுற்றி மேலேறும் வளையங்களும், முன்னும் பின்னுமாக ஏறும் ஜிக்ஜாக்குகளும் வந்தது அதனால்தான். கூமுக்கும் டார்ஜிலிங்குக்கும் நடுவே இருக்கும் பதாசியா வளையம் மட்டும் ரொம்பப் பின்னால், 1919-இல் சேர்ந்தது.

*

மேலே எழுதிய சாருக்கு: ஜாய்ரைடில் ஜிக்ஜாக் வராது. அதற்கு நியூ ஜல்பைகுரியிலிருந்து முழுப் பயணம் போகணும். 88 கிலோமீட்டர்தான், ஆனால் பகல் முழுக்கப் போய்விடும். ஷேர் ஜீப்பில் போகிறவன் பாதி நேரத்தில் மேலே போய் டீ குடித்துக்கொண்டிருப்பான். டீசல் இஞ்சின் என்பதால் புகை வாசனையும் கிடையாது. இருந்தாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

ஜிக்ஜாக்கில் வண்டி ஒரு முட்டுச்சந்துக்குள் போய் நிற்கிறது. பாயிண்ட்ஸ்மேன் கட்டையைத் தள்ளிப் பாதையை மாற்றுகிறார். அப்படியே பின்னோக்கி மலையேறுகிறது. மறுபடி நின்று, பாதை மாறி, முன்னோக்கி. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் இப்போதுதான் வந்த தண்டவாளம் காலுக்குக் கீழே கிடக்கிறது. பாதை போட்டவர் முன்னால் போக வழியில்லாமல் திகைத்தபோது, "பின்னால் போய்ப் பார்க்கலாமே" என்று அவர் வீட்டுக்காரம்மா சொல்லித்தான் இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. நிஜமோ பொய்யோ, வண்டியில் யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்லிவிடுவார்.

கர்சியாங்கில் கடைகளை உரசிக்கொண்டு போகிறது. கை நீட்டினால் தக்காளியை எடுத்துவிடலாம். வழியில் திந்தாரியாவில் இருக்கும் ரயில் பட்டறையையும் விடாமல் பாருங்கள். சில பி கிளாஸ் இஞ்சின்களை அங்கேயே கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து மலைதான் மோசமானது. 2010 நிலச்சரிவில் பாதை அறுந்து, கீழிருந்து மேல்வரை ரயில் மறுபடி ஓட 2015 ஆகிவிட்டது.

*

அறுந்தும் பிழைத்தது இது. பிழைக்காததும் ஒன்று உண்டு: கலிம்போங்குக்காக டீஸ்டா ஆற்றோரமாகப் போன கிளைப்பாதை. 1950 வெள்ளத்தில் போனது போனதுதான், திரும்பக் கட்டவே இல்லை. மெயின் லைனோ 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. நம்ம ஊட்டி ரயில் அதே பட்டியலில் சேர 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

போகிறவர்களுக்கு ஒன்று. ஜாய்ரைடு டிக்கெட் போடும்போது ஸ்டீமா டீசலா என்று பார்த்துப் போடுங்கள், கட்டணம் வேறு வேறு. ஸ்டீம் என்றால் வெள்ளைச் சட்டை வேண்டாம்.