மறுமொழி: ‘சிவில் பார்ட்னர்ஷிப்’ – தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

இருவரின் இணைவாழ்வைத் திருமணம் என்று பெயரிடாமல் சட்டப்படி பதிந்து ஏற்கும் முறைதான் ‘சிவில் பார்ட்னர்ஷிப்’. அதற்குத் தமிழில் என்ன சொல் என்று குழுவில் கேட்டிருந்தேன். வந்த பதில்களில் தொண்டி ஆசிரியை அக்காவின் மடலிலிருந்து தொடங்குகிறேன்.

> ‘குடிமைக் கூட்டாண்மை’ என்று நேராக மொழிபெயர்த்தால் போதுமே. புதுச்சொல் எதற்கு?

அக்கா, கூட்டாண்மை என்று அச்சடித்தால், யாரோ இருவர் சேர்ந்து விசைப்படகு வாங்கியிருக்கிறார்கள் என்றுதான் பாம்பனில் படிப்பார்கள். ‘குடிமை’யை ரேஷன் கடை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. (வேடிக்கை என்னவென்றால், ஒருபால் இணையரை ரேஷன் அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கருதும்படி 2024-இல் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. ஆகவே குடிமைப்பொருளுக்கும் நம் பேச்சுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது.)

மண்டபத்திலிருந்து நாங்கள் நடத்தும் சிற்றிதழின் ஒரு கட்டுரைக்காகத்தான் இந்தச் சொல்லைக் கேட்டேன். ஒருபால் இணையருக்குச் சட்ட ஏற்பு கொடுக்கலாமா என்ற கேள்விக்கு அரசியல்வாதிகள் வெளியில் என்ன சொன்னார்கள், எப்போது மாற்றிச் சொன்னார்கள் என்பது கட்டுரையின் பொருள். எழுத எழுத ஒன்று தெளிவானது: அவர்களில் பலர் இந்தச் சொல்லுக்குள்தான் ஒதுங்கியிருக்கிறார்கள். அதைப் பிசகாகத் தமிழாக்கினால் அவர்கள் சொல்லாததைச் சொன்னதாக நாம் எழுதிவிடுவோம்.

ஒபாமா 2008 தேர்தலில் திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்றார். அதே மூச்சில் சிவில் யூனியனுக்கு (சிவில் பார்ட்னர்ஷிப் போன்ற ஏற்பாட்டுக்கு வேறு நாடுகளில் வழங்கும் பெயர்) ஆதரவு என்றார். 2012 மே மாதம்தான் ஒருபால் திருமணத்துக்கே சம்மதித்தார். பிரிட்டனில் தொழிற்கட்சி அரசு 2004-இல் சிவில் பார்ட்னர்ஷிப் சட்டத்தை நிறைவேற்றியபோது ‘இது திருமணம் அல்ல’ என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னது. 2013-இல் ஒருபால் திருமண மசோதா வந்தபோது பிரதமர் கேமரன் ஆதரித்தார். ஆனால் அவருடைய கட்சி எம்.பி.க்களில் ஆதரித்தவர்களைவிட எதிர்த்து வாக்களித்தவர்களே அதிகம். ஜெர்மனியில் 2001 முதலே ஒருபால் இணையருக்குப் பதிவு முறை இருந்தது. 2017-இல் அந்நாட்டு அரசுத் தலைவராக இருந்த மெர்கல் தம் கட்சியினரை மனச்சாட்சிப்படி வாக்களிக்க விட்டுவிட்டு, திருமணத்துக்கு எதிராகத் தாம் வாக்களித்தார்.

நம் நாட்டுக் கதை இன்னும் சுவையானது. 2023-இல் ஒருபால் திருமண வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது ஒன்றிய அரசு மாநிலங்களிடம் கருத்துக் கேட்டது. அப்போது காங்கிரஸ் ஆண்டுகொண்டிருந்த ராஜஸ்தான், கூடாது என்று எழுதியது. அக்டோபர் 17 அன்று வந்த தீர்ப்பில், திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒத்துப்போனார்கள். சிவில் யூனியன் உரிமை உண்டா என்பதில் மூன்றுக்கு இரண்டாகப் பிரிந்து, இல்லை என்றார்கள். அடுத்த ஆண்டு அதே காங்கிரஸின் தேர்தல் அறிக்கை, விரிவான கலந்தாய்வுக்குப் பிறகு சிவில் யூனியனை ஏற்கும் சட்டம் கொண்டுவருவோம் என்றது. மார்க்சிஸ்ட் கட்சி 2019-இலேயே அதைச் சொல்லிவிட்டது. ‘திருமணம்’ என்றால் முகம் திருப்பும் கட்சி ‘யூனியன்’ என்றால் தலையாட்டுகிறது.

இது படிப்படியான நகர்வா, கோழைத்தனமா என்று ஆசிரியர் குழுவுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. நான் கோழைத்தனம் என்கிற கட்சி. ஆனால் அதை வாசகருக்குக் காட்ட வேண்டுமென்றால், சொல்லில் ‘மணம்’ வரவே கூடாது.

2024 தேர்தலில் இந்தக் கடற்கரையில் கச்சத்தீவும் இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவர்களும்தான் பேச்சு; காங்கிரஸின் சிவில் யூனியன் வாக்குறுதியை ஒரு மேடையிலும் நான் கேட்கவில்லை. கூட்டணிக் கட்சி நிர்வாகி ஒருவரிடம் தேர்தல் அறிக்கையின் அந்தப் பக்கத்தைக் காட்டியபோது, “கல்யாணம் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள் தம்பி. வேறு என்ன வேண்டுமானாலும் போடுங்கள், ஜமாத்திலும் பங்குச் சாமியாரிடமும் நான் சமாளித்துக்கொள்கிறேன்” என்றார். ஒரு கலைச்சொல் குழு கூடிப் பேசி எடுக்கவேண்டிய முடிவை நின்ற இடத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார் மனிதர்.

‘சமபால்’ என்ற அடைமொழியும் சொல்லுக்குள் வேண்டாம். இதே போன்ற ஏற்பாட்டுக்கான பிரான்ஸின் 1999 சட்டம் தொடக்கத்திலிருந்தே எல்லா இணையருக்கும் பொது. இங்கிலாந்திலும் 2019 இறுதியிலிருந்து ஆணும் பெண்ணும் இப்படிப் பதிந்துகொள்ளலாம். தேவைப்படும் இடத்தில் அடையை வெளியே சேர்த்துக்கொள்ளலாம்.

கீழக்கரை நண்பர் ‘இணையேற்பு’ என்றார். அழகான சொல்தான், ஆனால் அதற்கு ஏற்கெனவே உரிமையாளர்கள் இருக்கிறார்கள். பெரியார் இயக்கத்தவர் திருமண அழைப்பிதழில் அச்சடிப்பது அதைத்தான். சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று அண்ணா ஆட்சியில் 1967-இல் திருத்தம் நிறைவேற்றப் போராடியவர்களின் சொல்லை, ‘திருமணம் அல்ல’ என்பதற்குப் பெயராக வைப்பது அநியாயம். இன்னொருவர் சொன்ன ‘துணைமை’யையும் தள்ளிவிடலாம். தமிழக அரசியலில் ‘துணைவி’ என்றால் மனைவிக்கு அடுத்த இடம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நிழல் இந்தச் சட்டத்தின் மேல் விழ வேண்டாம்.

என் முன்மொழிவு: ஏற்பாட்டுக்கு ‘இணையர் பதிவு’, ஆட்களுக்குப் ‘பதிவு இணையர்’.

காரணம், இதில் பதிவுதான் உயிர். பிரிட்டனில் உறுதிமொழி எதுவும் சொல்லத் தேவையில்லை. இரண்டாமவர் கையெழுத்துப் போட்டதும் உறவு சட்டப்படி அமைந்துவிடுகிறது. நம் ஊரில் தங்கச்சிமடத்து மாதா கோயிலில் திருமண ஓலை வாசிப்பதும், கீழக்கரையில் நிக்காஹ் பதிவேட்டில் எழுதுவதும் சமயச் சடங்கோடு சேர்ந்தவை. சார்பதிவாளர் அலுவலகம் அப்படி அல்ல. ‘பதிவுத் திருமணம்’ என்று சொல்லிப் பழகிய காதுக்கு ‘பதிவு இணையர்’ எளிதில் பிடிபடும், வேறுபாடும் தெரியும். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரில், இத்தகைய இணையர் தங்களுக்குள் ஒரு குடும்ப உறவுப் பத்திரம் எழுதிப் பதிவுசெய்யும் முறையைத் தமிழக அரசு பரிசீலிக்கலாம் என்றபோதும் பத்திரம், பதிவு என்ற தடத்தில்தான் போனார்.

ஓர் ஆபத்து உண்டு: பிழை திருத்துபவர் அயர்ந்தால் ‘இணையர் பதிவு’ என்பது ‘இணையப் பதிவு’ ஆகிவிடும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மண்டபத்திலிருந்து

* * *

தம்பிக்கு,

கூட்டாண்மையை விட்டுக்கொடுத்தேன். படகு என்றதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ‘கோழைத்தனம்’ என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். முதலில் யூனியன் என்று சொன்ன ஒபாமாதான் நான்கு ஆண்டில் திருமணத்துக்கு வந்தார்; எடுத்த எடுப்பில் திருமணம் என்றிருந்தால் 2008-இல் அவர் பேச்சு எடுபட்டிருக்குமா? அது உங்கள் கட்டுரை, உங்கள் பாடு.

என் கேள்வி வேறு. பதிவு இணையர் பிரிந்தால் அதற்கு என்ன சொல்? விவாகரத்து என்று எழுத முடியாது. அதற்குள் விவாகம் இருக்கிறது. மணமுறிவும் அப்படியே.

தொண்டியிலிருந்து

* * *

அக்கா,

‘கலைப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். ‘டிசொல்யூஷன்’ என்ற பிரிட்டிஷ் சட்டச் சொல்லுக்கு அதுதான் நெருக்கம். ஆனால் நம் எம்.எல்.ஏ.க்கள் அந்தச் சொல்லைப் பார்த்தாலே சட்டமன்றத்தை நினைத்துக் கலங்குவார்கள். ‘பதிவு நீக்கம்’ என்று போடுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாருக்காவது இதைவிட நல்ல சொல் அகப்பட்டால் குழுவில் இடவும்.