சன்ரூஃபுக்கு மூணு வேரியன்ட் இருக்கு, பிரேக்குக்கு ஏன் இல்ல? ஹாட் ஹேட்ச் (வேகத்துக்காகச் செஞ்ச சின்ன கார்) பத்தி ஒரு கேள்வி

யார்டு டிரைவர், திருவொற்றியூர்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வேலை துறைமுகத்துல. ஏற்றுமதிக்கு வர்ற கார்களை யார்டுலேர்ந்து எடுத்து கப்பலுக்குள்ள கொண்டுபோய் நிறுத்துறது. பதினோரு வருஷமாச்சு. ஒவ்வொரு காருலயும் சில நிமிஷம்தான் உட்காருவேன், ஆனா ஸ்டியரிங்கைத் திருப்பின உடனே, பிரேக்கை மிதிச்ச உடனே அந்த வண்டி எப்படின்னு கைக்கும் காலுக்கும் தெரிஞ்சிடும்.

சொந்தமா ஒரு பழைய ஹேட்ச்பேக் வெச்சிருக்கேன். போன வருஷம் நண்பன் கூப்பிட்டான்னு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு அதை ஓட்டிக்கிட்டுப் போனேன். ஒரு சுத்து 3.7 கிலோமீட்டர். முதல் ரெண்டு சுத்து சொர்க்கம். நாலாவது சுத்துல பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ள போயிடுச்சு. எஞ்சின் இன்னும் ஓடத் தயாரா இருந்துச்சு, பிரேக்தான் கையை விரிச்சிடுச்சு. மெதுவா டிராக் ஓரம் வண்டி நிறுத்துற பிட்டுக்குள்ள வந்து ஒரு மணி நேரம் பானெட்டைத் திறந்து வெச்சிட்டு உட்கார்ந்திருந்தேன். அன்னிக்குப் புரிஞ்சது, எனக்கு வேண்டியது இன்னும் இருபது குதிரை இல்ல. நல்ல பிரேக், தொய்யாத சஸ்பென்ஷன், இடுப்பைப் பிடிச்சு வெக்கிற சீட்டு.

இப்போ கார் மாத்தணும். கையில ஆன் ரோடு பன்னெண்டு லட்சம். லிஸ்ட்டைப் பார்த்தா மனசு வலிக்குது.

ஐ20 என் லைன்ல என்6, என்8னு ரெண்டு. ரெண்டுக்கும் அதே 1.0 டர்போ, அதே 120 பிஎஸ் (குதிரை சக்தி). 2024ல வந்த ஆல்ட்ராஸ் ரேசரை எடுங்க: ஆர்1, ஆர்2, ஆர்3னு மூணு. மூணுலயும் அதே 120 பிஎஸ், அதே 170 நியூட்டன் மீட்டர். காசு ஏற ஏற சன்ரூஃப் வருது, 360 டிகிரி கேமரா வருது, குளிர் காத்து வர்ற சீட்டு வருது. காரோட ஓட்டம் ஒரு துளிகூட மாறல. வேகத்துக்காகவே ஒரு காரைச் செஞ்சிட்டு, அதுக்குள்ள படி பிரிக்கும்போது மட்டும் வேகத்தை மறந்துடுறாங்க.

வெளிநாட்டுல இது வேற மாதிரி. ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ 220 பிஎஸ்ல வந்துச்சு. பெர்ஃபார்மன்ஸ் பேக்னு தனியா காசு கட்டினா 230 பிஎஸ், கூடவே பெரிய பிரேக், முன் சக்கரத்துக்கு டிஃபரன்ஷியல் லாக், அதாவது வளைவுல ஒரு சக்கரம் சும்மா சுத்தாம பாத்துக்கிறது. வெறும் பத்து பிஎஸ்தான் கூட, ஆனா வளைவுல வேற வண்டி. அதுக்கும் மேல வேணும்னா நாலு சக்கரமும் இழுக்குற கோல்ஃப் ஆர். ஜப்பான்ல 2020ல வந்த ஜிஆர் யாரிஸ் பாருங்க. அதே பாடியில டர்போ இல்லாத 1.5 எஞ்சின் போட்ட ஆர்எஸ், அப்புறம் ஆர்இஜட், அதுக்கு மேல முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் அதே வேலையைச் செய்யுற டார்சன் டிஃபரன்ஷியல் போட்ட ஹை பெர்ஃபார்மன்ஸ். படி ஏற ஏற மெக்கானிக்கலா எதாவது கிடைக்குது.

நம்ம ஊர்ல செய்யத் தெரியாதுன்னு சொல்லாதீங்க. மறைமலை நகர்ல செஞ்ச எக்கோஸ்போர்ட் 2.0 லிட்டர் எஞ்சினும் நாலு சக்கர இழுவையுமா அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிச்சு. அதே ஃபேக்டரிக்கு அம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த நமக்கு அந்த வண்டி விற்பனைக்கே வரல.

என் கேள்வி இதுதான். ஹாட் ஹேட்ச்னு ஒண்ணு வந்தா அது ரெண்டு மூணு பெர்ஃபார்மன்ஸ் படியில வரணுமா, இல்ல எல்லாத்தையும் போட்டு ஒரே ஒரு வண்டியா வரணுமா? நான் படி வேணும்ங்கிறேன். அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போறவனுக்கு ஒரு படி, டிராக்குக்குப் போறவனுக்கு ஒரு படி. நான் ரெண்டும் செய்யுறவன், அதனாலதான் இவ்வளவு யோசிக்கிறேன்.

ஸ்பேர்ஸ் கடை, வண்ணாரப்பேட்டை

தம்பி, இருபத்திரெண்டு வருஷமா கார் பார்ட்ஸ் விக்கிறேன். உன் ஆசை நியாயம், ஆனா நான் ஒத்துக்க மாட்டேன்.

ஒரு வேரியன்ட்னா அது ஒரு கார் இல்ல, என் கடையில ஒரு தனி அலமாரி. போலோ ஜிடிஐயை ஞாபகம் இருக்கா? 2016ல வந்துச்சு. 192 பிஎஸ், மூணு கதவு, நாடு முழுக்க 99 வண்டி. அதோட கதவுக் கண்ணாடி மத்த போலோவுக்கு ஒத்து வராது. எந்தக் கடைக்காரன் 99 வண்டிக்குக் கண்ணாடி வாங்கி வெப்பான்? இதே மாதிரி குறைவா வித்த ஒரு ஹேட்ச்பேக், பேர் வேணாம், பின் டிஸ்க்குக்கு பேடு தேடி ஒரு பையன் என் கடைக்கு மூணு தடவை வந்தான். ரெண்டு மாசம் வண்டி ஷெட்டுல நின்னுச்சு. அவன் முகம் இன்னும் கண்ணுல நிக்குது.

அடுத்தது வரி. நாலு மீட்டருக்குள்ள நீளம், 1200 சிசிக்குள்ள பெட்ரோல் எஞ்சின், ரெண்டும் இருந்தாத்தான் 2025 செப்டம்பர்லேர்ந்து 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒரு சிசி தாண்டினாலும் 40. அபார்த் புன்டோ 2015ல 1.4 லிட்டர் எஞ்சின், 145 பிஎஸ், பத்து லட்சத்துக்குள்ள வந்துச்சு. இன்னிக்கு அதே வண்டியைப் போட்டா வரியிலயே செத்துடும். நீ கேக்குற மேல் படிக்கு எஞ்சின் எங்கேர்ந்து வரும்? 2025ல கோல்ஃப் ஜிடிஐயை இறக்குமதி பண்ணினாங்க, வந்தப்போ விலை 53 லட்சம்.

ஒரே வண்டி, ஒழுங்கா ஒரு வண்டி. அதைப் பத்து வருஷம் விக்கட்டும். பார்ட்ஸும் கிடைக்கும், ரீசேலும் நிக்கும்.

போலோ ஓட்டுறவன், கொடுங்கையூர்

ப்ரோ, ரொம்ப யோசிக்காதீங்க. நல்லா வெச்சிருந்த செகண்ட் ஹேண்ட் போலோ டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) ஒண்ணு பாருங்க. 2020க்கு அப்புறம் வந்த 1.0, 110 பிஎஸ், மேனுவல். ஹைவேயில 100ல போகும்போது ரோட்டைக் கவ்விக்கிட்டுப் போகும். சர்வீஸ் ரெக்கார்டு முழுசா இல்லாத வண்டியைத் தொடாதீங்க, அது மட்டும் என் வேண்டுகோள்.

டெஸ்டிங் இன்ஜினியர், பெரம்பூர்

யார்டு அண்ணா, நான் வண்டி டெஸ்டிங் துறையில இருக்கேன், தினமும் ஒரகடம் பக்கம்தான் போறேன். கம்பெனிங்க ஏன் சன்ரூஃபை வெச்சுப் படி பிரிக்கிறாங்கன்னு எனக்குத் தெரிஞ்ச அளவுக்குச் சொல்றேன்.

சீட் கவர், ஸ்கிரீன், கேமரா மாத்தினா சர்டிஃபிகேட் வேலை கம்மி. பிரேக்கை மாத்தினா பிரேக் சோதனையை மறுபடி செய்யணும். டயரை அகலமாக்கினா உருள்ற தடை மாறும், அதனால மைலேஜ் கணக்கும் புகைக் கணக்கும் மாறும். எஞ்சின் மேப்பை, அதாவது எஞ்சினை நடத்துற கம்ப்யூட்டர் புரோகிராமைத் தொட்டா புகைச் சோதனை திரும்பவும். 2023 ஏப்ரல்லேர்ந்து லேப்ல மட்டும் இல்லாம ரோட்டுல ஓட்டியும் புகையை அளக்கிறோம். ஒவ்வொரு எஞ்சின், கியர்பாக்ஸ் சேர்க்கைக்கும் தனித்தனியா இவ்வளவும் இருக்கு. விக்கப் போறது கொஞ்சம் வண்டின்னா அந்தச் செலவு ஒவ்வொரு வண்டி தலையிலயும் விழும். பலேனோ ஆர்எஸ், டியாகோ ஜேடிபி ரெண்டுமே 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்தப்போ தாண்டி வரல. ஜேடிபி கோயம்புத்தூர் ஜெயம் கம்பெனி கூட சேர்ந்து செஞ்சது, 114 பிஎஸ், 6.39 லட்சத்துல ஆரம்பம். அது நின்னப்போ எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருந்துச்சு.

ஆனா ஸ்பேர்ஸ் கடை ஐயா சொன்னதுல ஒண்ணு மட்டும் ஒத்துக்க முடியல. மேல் படிக்குப் புது எஞ்சின் தேவையே இல்ல. அண்ணா கேக்கிறது பிரேக்கும் சஸ்பென்ஷனும்தான். அதே பிளாட்ஃபார்ம்ல (காரோட அடித்தளம்) நிக்கிற கொஞ்சம் கனமான எஸ்யூவியோட பிரேக் டிஸ்க்கும் அதை இறுக்கிப் பிடிக்கிற காலிப்பரும் எடுத்து மாட்டலாம். அந்த பார்ட்ஸ் ஆயிரக்கணக்குல விக்கிற வண்டிக்கு ஏற்கெனவே கடையில இருக்கும், உங்க அலமாரியிலயும் இருக்கும் ஐயா. எஞ்சின் மேப் தொடாததால புகைச் சோதனையில பெரும்பகுதி மிச்சம். வரியும் 18லயே நிக்கும். கீழ்ப் படிக்குச் சாதாரண சஸ்பென்ஷன், மேல் படிக்கு இது. ரெண்டே படி. மூணு வேணாம், மூணாவது யாரும் வாங்க மாட்டாங்க.

சோழவரம் ரசிகர், மாதவரம்

தம்பிக்கு வணக்கம். வயசு அறுபத்தாறு. சின்ன வயசுல பிப்ரவரி வந்தா செங்குன்றம் பஸ்ல ஏறி, அங்கேர்ந்து கூட்டத்தோட கூட்டமா சோழவரம் கார் ரேஸுக்குப் போயிடுவோம். உலகப் போர்ல போட்ட விமான ஓடுதளம், 'டி' எழுத்து மாதிரி. நிழல்னு ஒண்ணு கிடையாது. தலையில துண்டு, கையில தண்ணி பாட்டில்.

அங்க ஓடினது ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர். கம்பெனியிலேர்ந்து வர்றப்போ எல்லா ஃபியட்டும் ஒண்ணுதான். 1089 சிசி, நாப்பது குதிரை சக்தி. ஆனா ஓடுதளத்துல நிக்கும்போது ஒரு ஃபியட் மாதிரி இன்னொண்ணு இருக்காது. ஒருத்தன் எஞ்சின் ஹெட்டைச் சீவியிருப்பான், ஒருத்தன் கார்புரேட்டரை மாத்தியிருப்பான், இன்னொருத்தன் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தரையோட படுக்க வெச்சிருப்பான். நீ கேக்குற படியை அப்போ மெக்கானிக் ஷெட்டுல செஞ்சாங்க. 1990ல ரேஸ் இருங்காட்டுக்கோட்டைக்குப் போச்சு, வடக்கே இருந்த எங்களுக்கு அதோட விட்டுப்போச்சு.

இப்போ ஷெட்டுல அப்படிச் செய்ய முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கு. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் கம்பெனி கொடுத்த ஸ்பெசிபிகேஷனை மாத்தக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. எஞ்சின் மேப்பை மாத்தின வண்டி இடிச்சா இன்ஷூரன்ஸ்காரன் முதல்ல அதைத்தான் தேடுவான். பாதுகாப்புக்காக ஷெட்டுக் கதவை மூடினது சரி, நான் குறை சொல்லல. ஆனா அப்படி மூடினதுக்கப்புறம் அந்த வேலையைக் கம்பெனிதானே எடுத்துச் செய்யணும்? டெஸ்டிங் வேலை பாக்குற பொண்ணு சொன்ன ரெண்டு படி எனக்குச் சரியாப் படுது.

யார்டு டிரைவர், திருவொற்றியூர்

ஐயா, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். சோழவரம் வழியா எத்தனையோ தடவை போயிருக்கேன், அந்த ஓடுதளம் இருந்த பக்கம் வண்டியை நிறுத்திப் பார்த்ததே இல்ல. அடுத்த தடவை நிறுத்துவேன்.

தங்கச்சி, நீங்க சொன்னதுக்கப்புறம் மூணு படிங்கிறதை விட்டுட்டேன். ரெண்டு போதும். எஞ்சின் ஒண்ணுதான், பிரேக்கும் சஸ்பென்ஷனும் சீட்டும் வேற. மேல் படியில சன்ரூஃப் வேணாம், அந்தக் காசை அப்படியே டிஸ்க்குல போடட்டும்.

ஸ்பேர்ஸ் கடை அண்ணே, 99 வண்டி கதை எனக்கும் பயம் கொடுத்துச்சு. ஆனா ஒரே வண்டியாப் போட்டும் நம்ம ஊர்ல நிக்கலையே. அபார்த்துல படியே இல்ல, பலேனோ ஆர்எஸ் ஒரே வேரியன்ட், டியாகோ ஜேடிபியும் ஒண்ணேதான். எதுவும் பத்து வருஷம் விக்கல.

இப்போதைக்கு ஐ20 என் லைன் என்6, ஆறு கியர் மேனுவல் பார்க்கப் போறேன். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் இருக்கு, சஸ்பென்ஷனைச் சாதாரண ஐ20யைவிட இறுக்கியிருக்காங்க, நான் கேட்டதுல பாதியாவது அதுல இருக்கு. ஒரே யோசனை அம்மா முதுகு. எண்ணூர் நெடுஞ்சாலையில கன்டெய்னர் வண்டிங்க அரைச்ச பள்ளம், எர்ணாவூர் பக்கம் வரிசையா ஸ்பீடு பிரேக்கர். ஷோரூம்ல அஞ்சு நிமிஷம் நல்ல ரோட்டுல ஓட்டிக் காட்டுவாங்க, அது பத்தாது. இந்தப் பக்கம் யாராவது என் லைன் வெச்சிருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பின் சீட்டுல அம்மாவை உட்கார வெச்சு, தேரடியிலேர்ந்து எண்ணூர் வரைக்கும் ஒரு தடவை போய்ட்டு வர விடுவீங்களா? டேங்க் ஃபுல் பண்ணித் தர்றேன்.