யுகுலேலே சுருதி நிக்க மாட்டேங்குது: கம்பியா, பெக்கா, குளிரா?

கேள்வி (குன்னூர்):
வணக்கம். பொண்ணுக்கு வாங்கின சோப்ரானோ யுகுலேலே (கிட்டார் மாதிரி, நாலு கம்பி இருக்கிற சின்ன வாத்தியம்), லேமினேட் மரம் (மெல்லிசான அடுக்கா ஒட்டின பலகை). பல்சக்கரம் இல்லாத பெக் (கம்பியை முறுக்குற திருகு). நைலான் கம்பி, புதுசு. கிளிப் ட்யூனர் (சுருதி காட்டுற கருவி) வெச்சு ஜி, சி, ஈ, ஏ எல்லாம் சரி பண்ணினா, கால் மணி நேரத்துல ஏ கம்பி நல்லா இறங்கிடுது. மத்ததும் கொஞ்சம் இறங்குது. சரியா இருக்கும்போது சி கார்டு (ஒண்ணா மீட்டுற ஸ்வரக் கூட்டு) நல்லா கேக்குது, எஃப் கார்டு பிடிச்சா ஒட்டல. ராத்திரி கம்பியைத் தளர்த்தி வைக்கணுமா?

பதில் (கோத்தகிரி):
ரெண்டு தனித்தனிக் கோளாறு இது, சேர்த்துக் குழப்பிக்காதீங்க.

முதல்ல சுருதி இறங்குறது. கம்பி நீளலாம், பெக் நழுவலாம், இல்ல பிரிட்ஜ்ல (கம்பியோட கீழ் நுனியைக் கட்டுற கட்டை) முடிச்சு நழுவலாம். எதுன்னு கண்டுபிடிக்க, ஏ கம்பி முடிச்சை விட்டு வெளிய வர்ற இடத்துல ஒரு மார்க்கர் புள்ளி வைங்க. பெக் பிடியிலயும் தலைப்பகுதி மரத்துலயும் நேருக்கு நேரா பென்சில் கோடு போடுங்க. சுருதி சேர்த்துட்டு அரை மணி நேரம் கழிச்சுப் பாருங்க. புள்ளி முடிச்சை விட்டு நகர்ந்திருந்தா முடிச்சு. கோடு விலகியிருந்தா பெக். ரெண்டும் அப்படியே இருந்தா கம்பிதான் நீளுது.

உங்க பெக் வீணைப் பிரடை மாதிரி உராய்வுல மட்டும் நிக்கிறது. பிடியோட நுனியில ஒரு ஸ்க்ரூ இருக்கும். கால் சுத்து இறுக்கிப் பாருங்க. ரொம்ப இறுக்கினா பெக் விட்டு விட்டுத் தாவும், நுணுக்கமா நிறுத்த முடியாது. முடிச்சுன்னா, மெல்லிசான ஏ கம்பிக்கு ஒரு மடிப்பு பத்தாது. ரெண்டு மூணு தரம் செருகி, கடைசிச் செருகல் பிரிட்ஜோட பின் விளிம்புக்குக் கீழ வர்ற மாதிரி கட்டுங்க. பெக்ல 2 அல்லது 3 சுத்து இருந்தா போதும்.

புது நைலான் அடங்க சில நாள் ஆகும். 12வது ஃப்ரெட் (கழுத்துல குறுக்கே பதிச்ச உலோகப் பட்டை) பக்கம் கம்பியை விரலால ஒரு சென்டிமீட்டர் மெதுவா இழுத்துப் பிடிச்சு விடுங்க, திரும்ப சுருதி சேருங்க. மூணு நாலு தரம் செஞ்சா சீக்கிரம் அடங்கும். ராத்திரி தளர்த்தவே வேண்டாம். தளர்த்தினா தினமும் முதல்லேர்ந்து நீளும். எப்பவும் கீழேர்ந்து மேல ஏத்தி நிறுத்துங்க. தாண்டிட்டா நல்லா இறக்கிட்டு மறுபடி ஏத்துங்க. ஏத்தும்போது 'டிக்'னு சத்தம் வந்தா நட் (தலைப்பகுதிக்குக் கீழ கம்பியைத் தாங்குற சின்னக் கட்டை) பள்ளத்துல கம்பி சிக்குது. அங்க பென்சில் கரியைத் தேய்ங்க.

எஃப் கார்டுல ஈ கம்பியை முதல் ஃப்ரெட்ல பிடிக்கிறோம். அதான் காட்டிக் கொடுக்குது. நட் பள்ளம் உயரமா இருந்தா கம்பி அங்க அதிகமா வளைஞ்சு சுருதி ஏறிடும். 3வது ஃப்ரெட்டுக்கு முன்னாடி அழுத்திப் பிடிச்சு, முதல் ஃப்ரெட் மேல இருக்கிற இடைவெளியைப் பாருங்க. ஒரு தாள் கனம் இருந்தா நல்லது. அதுக்கு மேல நல்லா தெரிஞ்சா பள்ளத்தை ராவணும். அதை மட்டும் வேலை தெரிஞ்சவங்ககிட்ட விடுங்க. ஆழம் கூடிட்டா கம்பி ஃப்ரெட்ல உரசி இரையும். அதுக்கு முன்னாடி, குழந்தை ரொம்ப அழுத்துதான்னும் பாருங்க.

பதில் (கொடைக்கானல்):
மலைக்குளிரையும் சேர்த்துக்கோங்க. ஒரு கம்பி மட்டும் நகர்ந்தா பெக்கோ முடிச்சோ. நாலும் ஒண்ணா நகர்ந்திருந்தா முதல்ல வானிலையைச் சந்தேகப்படுங்க. பெட்டியிலேர்ந்து எடுத்தவுடனே சேர்க்காம 15 நிமிஷம் அறையில வெச்சிருந்து சேருங்க. மடியில அணைச்சு வாசிச்சாலே கம்பி சூடாகும், பத்து நிமிஷம் கழிச்சு இன்னொரு தரம் பாக்கணும். ஹீட்டர், கணப்பு பக்கத்துல வைக்காதீங்க, ஈரம் ஏறுற வெளிச்சுவர்ல மாட்டவும் கூடாது. முழு மரம்னா பெட்டிக்குள்ள ஈரப்பதமானி வெச்சு 45–55 சதவீதம் பாத்துக்கணும். லேமினேட்டுக்கு அவ்வளவு கவலை இல்ல.

கேட்டவர்:
பென்சில் கோடு விலகியிருக்கு, அப்ப பெக்தான். ஸ்க்ரூ இறுக்கிட்டேன். இன்னொண்ணு: வீட்ல எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி இருக்கு. 1 கட்டையில வெச்சு காதாலயே சேர்த்தா ஈ கம்பி ட்யூனரோட ஒத்துப் போகல. எது சரி?

பதில் (ஊட்டி):
ரெண்டும் சரி, கணக்கு வேற. 1 கட்டைங்கிறது சி. சி கம்பியை ஸ ஆக்கினா நாலு கம்பியும் ப, ஸ, அந்தர காந்தாரம், சதுஸ்ருதி தைவதம். சுருதியோட இழையுற காந்தாரம், ட்யூனர் காட்டுற ஈ-யை விட சுமார் 14 சென்ட் கீழ (100 சென்ட் சேர்ந்தா ஒரு ஃப்ரெட்). தைவதம் சுமார் 16 சென்ட் கீழ. பஞ்சமத்துல 2 சென்ட்தான் வித்தியாசம், காதுக்குத் தெரியாது. யுகுலேலே ஃப்ரெட் எல்லாம் ட்யூனர் கணக்குலதான் அடிச்சிருக்கு. அதனால பெட்டியை வெச்சு சி, ஜி ரெண்டை மட்டும் சேருங்க. பெட்டியோட நுண் சுருதிக் குமிழ் நடுவுல இருக்கணும், ட்யூனர்ல ஏ-க்கு 440 ஹெர்ட்ஸ் இருக்கணும்.

மீதியை ஃப்ரெட்ல எடுங்க: சி கம்பி 4வது ஃப்ரெட் = ஈ. ஈ கம்பி 5வது ஃப்ரெட் = ஏ. சி கம்பி 7வது ஃப்ரெட் = ஜி. கடைசியை விடாம பாருங்க, சில ட்யூனர்ல எழுத்து மட்டும்தான் வரும், எந்த ஸ்தாயின்னு வராது. ஜி கம்பி ஒரு ஸ்தாயி கீழ தொளதொளன்னு இருந்தாலும் பச்சை விளக்கு எரியும்.